யாரும் வாங்காத பெட்டிக்கு ஒரு புரோட்டா பார்சல்

என் வீட்டுக்காரர் பெங்களூருக்குத் திரும்பிப் போகக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். கேம், கன்சோல், உலகச் சந்தை என்று போன ஐப்பசியில் நான் வாய் ஓயாமல் பேசியதெல்லாம் இந்த ஒரு ஆசைக்கு மேலே போட்ட பந்தல்தான். இப்போது நினைத்தால் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

நாங்கள் ரெண்டு பேரும் வீடியோ கேம் செய்கிறவர்கள். கோவில்பட்டியில் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். கீழ் வீட்டு அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறவர். நாங்கள் மாடிக்குக் குடிவந்த புதிதில், சரக்கு எந்த ஊருக்குப் போகுது என்று கேட்டார். எந்த ஊருக்கும் போகவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பாவம், அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பொட்டலம் காராச்சேவு கொடுத்தனுப்பினார்.

படம் வரைவது, கதை சொல்வது, சண்டை போடுவது மூன்றும் என் வேலை. புரோகிராம் எழுதுவது அவர் வேலை. கல்யாணமான புதிதில் அவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மாசத்துக்கு ஒரு தடவை வருவார், துவைத்த துணி காயுமுன்னே போய்விடுவார். அந்த நாளில் போனிலேயே பேசிப் பேசித் தொடங்கிய கேம்தான் 'சால்னா ஆறுமுன்னே'. அதை முடிக்கவேண்டும் என்று சொல்லித்தான் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வந்த மனுசன் இங்கேயே இருக்கட்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

கேமின் கதை ரொம்பப் பெரிசெல்லாம் இல்லை. ஒரு பொம்பளை கயத்தாறில் புரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, காட்டுக்குள்ளே ஒரு ஸ்டாப்பில் இறங்குகிறாள். வீடு தூரத்தில் ஒரு விளக்காகத் தெரியும். நடுவில் முழுக்கக் கரிசல் காடு. இறங்கியதும் மழை பிடித்துக்கொள்ளும். சால்னா ஆறுமுன்னே வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரவேண்டும். கதவைத் தட்டியதும் திரை இருட்டிவிடும், ஆட்டம் முடிந்தது. கதவை யார் திறப்பார்கள் என்று அவர் பல தடவை கேட்டிருக்கிறார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் பல தடவை தட்டிக் கழித்திருக்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆளை வரைய என் கை ஓடவில்லை.

முதலில் செல்போனுக்குத்தான் விட்டோம். செல்போன் இல்லாத ஆள் யார் இருக்கா? ஆடு மேய்க்கப் போகிறவர் மடியிலும் ஒன்று இருக்கிறதே. ஆனால் நடந்தது என்ன தெரியுமா, கடலில் கரைத்த பெருங்காயம். கோடிக்கணக்கான கேமுக்கு நடுவில் எங்கள் புரோட்டா பார்சல் எந்த மூலையில் கிடந்தது என்று எங்களுக்கே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பித் தவறி எடுத்து ஆடினவர்களும் ஒற்றை நட்சத்திரத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். 'மழை வந்ததும் கேம் ஹேங் ஆகிறது.' 'அந்த அம்மா நடக்கவே மாட்டேன் என்கிறாள்.' ஒருத்தர் 'டப்பா' என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தார். அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைப் படித்துவிட்டு இவர் புரோகிராமைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார். எங்கள் ரெண்டு பேர் கையிலும் கேம் ஜோராக ஓடுகிறது. பசுவந்தனைப் பக்கத்து ஊரில் இருக்கிற என் மாமியாரிடம் கொடுத்தால் அவர்கள் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் வெற்றிலையுமாக ஆடி முடித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். அடுத்தவர் கையில் மட்டும் எப்படி நிற்கும்? வாரக்கணக்கில் தேடி, சாப்பாடு இறங்காமல், கடைசியில் ஒரு நாள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எனக்கு இந்த வேலை தெரியலட்டி என்றார். எனக்குப் பகீரென்றது. அதற்கு ஏற்றாற்போல் பழைய கம்பெனிக்காரன் கூப்பிட்டான். பொங்கல் கழிந்து வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னான். இவரும் சரியென்று தலையை ஆட்டிவிட்டார்.

அப்போதுதான் நான் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தேன்.

கேம் ஆடுவதற்கென்றே செய்த, கையில் வைத்து ஆடுகிற சின்னக் கன்சோல். எங்கேயோ சீமையில் ஒரு கம்பெனி பெரிய மேளதாளத்தோடு கொண்டுவந்து, விலைபோகாமல் திணறிக்கொண்டிருந்தது. புதுக் கேம் செய்கிறவர்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று படித்தேன். படித்ததும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. இதில்தான் நம் கேமை விடவேண்டும் என்று சொன்னேன். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். வாங்க ஆளில்லாத பெட்டிக்குக் கேம் செய்கிறவன் உழைப்பைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டுகிறான் என்றார். மெமரி கொஞ்சம், வேகம் கொஞ்சம், பாதியை மாற்றி எழுதவேண்டும். எழுதி முடிக்கிறபோது கம்பெனியே கடையைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? எல்லாம் சரிதான். ஆனால் நானும் முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். கூட்டமான கல்யாணத்தில் பந்திக்கு அடித்துப் பிடித்து ஓடினாலும் இலை கிடைக்காது. கூட்டமில்லாத கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள், உட்கார வைத்து ரெண்டு தடவை பாயாசம் ஊற்றுவார்கள். காசைக் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கிவிட்டு, புதுக் கேம் எதுவும் வராமல், வாங்கியதைச் சொல்லவும் வெட்கப்பட்டுக்கொண்டு எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? அவர்களுக்கு முன்னால் நம் பார்சலைப் பிரித்து வைப்போம் என்றேன்.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைங்கியா?"

"ஆமா. இலுப்பைப்பூவும் இனிக்கத்தானே செய்யுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த நேரம் பார்த்துப் பந்தயத்தைப் போட்டேன். நமக்குத் தெரியாத ஒரே ஒரு ஆள், அந்தப் பெட்டியில் இந்தக் கேமை வீட்டு வாசல் வரைக்கும் ஆடி முடித்துவிட்டால் அவர் பெங்களூருக்குப் போகக்கூடாது. பொங்கலுக்குள் யாரும் முடிக்காவிட்டால், அவர் துணிமணியை நானே அடுக்கிக் கொடுத்து ஸ்டேஷன் வரைக்கும் வந்து டாட்டா காட்டவேண்டும். போனில் இத்தனை பேர் ஆடியும் ஒருத்தர் முடிக்கவில்லை, இதிலா முடிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் அவர் சரி என்றார். அந்தக் கணக்கு எனக்கும் தெரியாமல் இல்லை. வெளியே காட்டிக்கொள்வேனா?

பெட்டியை வாங்குவதே பெரும் பாடாகிவிட்டது. மெயின் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் கேட்டேன். அந்த அண்ணாச்சி யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, வேண்டுமானால் பவர் பேங்க் தருகிறேன் என்றார். கடைசியில் வெளியூரிலிருந்து கூரியரில் வந்தது. நல்ல அழகான பெட்டி, மடக்குக் கண்ணாடி போல. எதற்கென்றே தெரியாத பட்டன்கள் சுற்றிலும் இருந்தன. இத்தனை பட்டனை வைத்துவிட்டு விற்கவில்லை என்றால் எப்படி விற்கும் என்று இவர் அலுத்துக்கொண்டார். ஆனால் வேலையில் இறங்கிவிட்டார். மூடிக் கிடந்த லேப்டாப் திறந்ததே எனக்குத் தீபாவளி மாதிரி இருந்தது.

பெட்டியின் வேகத்துக்கு எங்கள் மழை தாங்கவில்லை. துளியைக் குறைத்தால்தான் ஓடும் என்றார். அந்த நேரம் பார்த்து என் மாமியார் உளுந்து மூட்டையோடு வந்திருந்தார்கள். மகன் மழையைக் குறைக்கப்போகிறான் என்று காதில் விழுந்ததும் அவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே. ஐப்பசி மாசத்தில், மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் மழையைக் குறைக்கிறேன் என்று எவனாவது சொல்லுவானா, வாயில் அடி என்றார்கள். இவரும் பயந்துபோய் மழையில் கை வைக்காமல், தூரத்து மரங்களைக் குறைத்தார். மரம் குறைவாக இருந்ததால் இன்னும் நம் ஊர் மாதிரியே ஆகிவிட்டது.

கார்த்திகை பிறந்ததும் கேமைப் பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பினோம். அங்கே ஒரு ஆள் ஆடிப் பார்த்துச் சம்மதித்தால்தான் கடைக்கு வரும். பதில் வந்தது. மழை பெய்தபிறகு கதாநாயகியின் வேகம் குறைந்துகொண்டே வந்து அசையாமல் நின்றுவிடுகிறாள், இந்தப் பிழையைச் சரிசெய்து அனுப்பவும் என்று எழுதியிருந்தான். இவர் முகம் செத்துப்போனது. எனக்கோ ரத்தம் கொதித்தது. பிழையா? கரிசல் காட்டில் மழை பெய்தால் கால் நகராதுதான். சேறு அப்பி அப்பி ஒவ்வொரு காலும் உலக்கை கனம் கனக்கும். நான் ஆசை ஆசையாக வரைந்த சேறய்யா அது! இவனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினால்தான் புத்தி வரும் என்று இவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு மாமியார் காட்டுக்குக் கிளம்பினேன். நல்லவேளையாக முந்தின நாள் அங்கே மழை வெளுத்து வாங்கியிருந்தது.

உளுந்துக் காட்டுக்குக் குறுக்கே, விதைக்காமல் கிடந்த துண்டில் இவரை நடக்கச் சொன்னேன். கேமில் அவள் பஸ்ஸை விட்டு இறங்குகிறபோது செருப்போடுதான் இறங்குவாள். அதனால் இவரையும் செருப்பைப் போட்டுக்கொண்டே நடக்கச் சொல்லிவிட்டுப் போனில் படம் பிடித்தேன். கொஞ்சம் போனார். செருப்பு ரெண்டும் சட்டி அளவுக்கு வீங்கியது. இன்னும் கொஞ்சம் போனார். ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் இறங்குகிறது. அப்படியே நட்டு வைத்த கம்பாக நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் போன் ஆடியது. வரப்பில் நின்ற என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, செருப்பக் கழத்திக் கையில எடுலே. இதக்கூடவா சொல்லித் தரணும்?"

என் சிரிப்பு சட்டென்று நின்றது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிற வித்தை எங்கள் கேமிலேயே இருக்கிறது. போனில் அவள் பாதத்தின் மேல் விரலை அழுத்திப் பிடிக்கவேண்டும், பெட்டியில் பின்பக்கத்துப் பட்டனை அழுத்திப் பிடிக்கவேண்டும். குனிந்து செருப்பைக் கழற்றி இடது கையில் கோத்துக்கொள்வாள், அப்புறம் ஓட்டம்தான். ஆனால் அதைக் கேமில் ஒரு இடத்திலும் நாங்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. மழை விழுந்த கரிசலைப் பார்த்ததும் எங்கள் கை தானாகச் செருப்புக்குப் போகும். மாமியார் கையும் அப்படியே போயிருக்கிறது. ஆடிப் பார்க்கக் கொடுத்த அத்தனை பேரும் எங்கள் ஊர்க்காரர்கள். பாவம், உலகத்து மக்களையெல்லாம் செருப்போடு சேற்றுக்குள் இறக்கிவிட்டு, ஏன் நடக்கமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதைக் கத்தித்தான் சொன்னேன், அவர் சேற்றுக்கு நடுவில் அல்லவா நிற்கிறார். அவரும் அங்கிருந்தே கத்தினார்.

"அப்ப என் புரோகிராம்ல தப்பு இல்லையாட்டி?"

இல்லை, ஒரு தப்பும் இல்லை என்றேன். மனுசன் இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு ஆட்டம் போட்டார் பாருங்கள், கால்தான் நட்டு வைத்திருக்கிறதே, அப்படியே முகம் குப்புற விழுந்தார். எழுந்தபோது மீசை முழுக்கக் கரிசல். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லவே வழியில்லை. அவரைத் தூக்கப் போய் நானும் உட்கார்ந்தேன். சேற்றுக்குள் உட்கார்ந்து ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இதுகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு தண்ணி கொண்டுவரப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போன் கேமில் 'செருப்பைக் கழற்றவும்' என்று போட்டோம். ஆனால் ஒருத்தரும் திரும்பி வரவில்லை. போனில் ஆடுகிறவர்கள் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கேமுக்கு விரலை நகர்த்திவிடுவார்கள். அவர்களுக்குத்தான் ஆயிரம் கிடக்கிறதே.

பெட்டியில் வேறு சிக்கல். கேமில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முதலிலிருந்து வரிசையில் நிற்கவேண்டும், வரிசை நகர்ந்து வருவதற்குள் தை பிறந்துவிடும். மாற்றாமல், இது பிழையல்ல, எங்கள் ஊர் மண் என்று வீடியோவை அனுப்பினால் உடனே சம்மதம் கிடைக்கலாம். யாருக்கும் செருப்பு விஷயம் தெரியாத அதே கேமை மறுபடியும் விடுவதா? அவர் வேண்டாம் என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் பந்தயத்தில் நாள் போய்க்கொண்டிருந்தது. வீடியோவை அனுப்பினேன். அவர் கம்பாக நின்றது, மாமியார் கத்தியது எல்லாம் அதில் இருந்தது. பெட்டிக் கம்பெனிக்காரன் சம்மதித்துவிட்டான். கூடவே, அவர் பத்திரமாக வெளியே வந்துவிட்டாரா என்றும் கேட்டிருந்தான். நல்ல பிள்ளை, வீணாகத் திட்டிவிட்டேன்.

கேம் கடைக்கு வந்தது. யாராவது ஆடி முடித்தால் கம்பெனியின் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பதக்கம் தெரியும். காலையில் பல் விளக்குமுன்னே பார்ப்பேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மாம்பழம் வரையச் சொல்லிவிட்டுப் பார்ப்பேன். வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பதக்கம் ஒன்றுகூட இல்லை. மார்கழி வந்தது. இவர் பெங்களூருக்குப் போடுகிற சட்டைகளை ஒரு பையில் போட்டு இஸ்திரிக்குக் கொடுத்தார். நான் அந்தப் பையை வாங்கிவராமல் கடையிலேயே போட்டு வைத்தேன். சட்டை இல்லாமல் எப்படிப் போவார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்குப் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். ஒரு பதக்கம்.

நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு அண்ணாச்சி கேஸ் வெடித்துவிட்டதென்று மண்ணள்ளிக்கொண்டு ஓடிவந்தார். பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை, பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரில் இருக்கிறவள், எங்களுக்கு எழுதியும் இருந்தாள். இந்த மாசம் இந்தப் பெட்டிக்கு வேறு புதுக் கேம் எதுவும் வரவில்லை, அதனால் இதையே வைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். சேற்றில் நின்றுகொண்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தாளாம். செருப்பைக் கழற்றியதும் எழுந்து நின்று கத்திவிட்டாளாம். அந்தப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் இணையத்தில் பேசிக்கொள்கிற இடத்தில் போய் எல்லாருக்கும் சொல்லியும் இருந்தாள். கொஞ்சம் பேர்தான் என்பதால் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள். அதற்கப்புறம் அங்கே யார் புதிதாக வந்தாலும், வணக்கம் சொல்வதற்கு முன்னால் செருப்பைக் கழற்று என்கிறார்களாம். என் மாமியாருக்கு உலகமெல்லாம் கிளை திறந்த மாதிரி ஆகிவிட்டது.

யாராவது என்னிடம் விலைபோகாத பெட்டிக்குக் கேம் செய்யலாமா என்று கேட்டால் இதைத்தான் சொல்லுவேன். விற்கிற இடத்தில் ஆள் நிறைய வரும், நிற்காது. விற்காத இடத்தில் வருகிற ஒரு ஆள் சேற்றிலும் நின்று பார்க்கும். இதை வைத்து வீடு கட்ட முடியுமா என்றால் முடியாது. நாங்கள் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறோம்.

அவள் எழுதியதில் கடைசி வரியை நான் முதலில் கவனிக்கவில்லை. இவர்தான் வாசித்துக் காட்டினார். அவ்வளவு தூரம் நனைந்து வந்தவளுக்குக் கதவைத் திறந்தது யார் என்று கேட்டிருந்தாள்.

"நானும் எத்தனை தடவை கேட்டிருக்கேன். யாருட்டி திறப்பா?"

இனி மறைத்து என்ன செய்ய? "அத வரையும்போது நீங்க பெங்களூருல இருந்தீங்க," என்றேன். "வீட்ல யாருமில்ல. யார வரைய?"

ஒரு பதக்கத்தை வைத்துப் பிழைக்க முடியாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பெங்களூருக்குப் போன் போட்டார், வரவில்லை என்று சொன்னார், வைத்தார். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கதவை நான் செய்யுதேன், நீ எட்டிப் பார்க்கக்கூடாது என்றார். படம் வரைய அவருக்குச் சுத்தமாக வராது. பொங்கல் கழிந்துதான் எனக்குக் காட்டினார்.

ஆடினேன். மழை, சேறு, குனிந்து செருப்பைக் கழற்றினேன், ஓடினேன், வாசலுக்கு வந்து தட்டினேன். திரை இருட்டவில்லை. கதவு திறந்தது. ஒரு காது பெரிதும் ஒரு காது சிறிதுமாக, மீசையில் மண்ணோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அந்தக் காதைப் பார்த்தே சிரிப்பு வந்துவிட்டது. என் ஒரு கையில் பார்சல் சூடாக இருக்கிறது, அதற்குத்தான் கை நீட்டப்போகிறார் என்று இருந்தேன். மனுசன் முதலில் குனிந்து, இன்னொரு கையில் இருந்த சேற்றுச் செருப்பை வாங்கிக்கொண்டார்.